குற்றம் சாட்டும் முறை



சென்ற பௌர்ணமிக் கூட்டம் முடிந்து நாம் வெளியே வந்தபோது, வாயிலில் இளைஞர் இருவர் செய்தித்தாள் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு வாதாடிக் கொண்டிருந்தனர். ஏதோ ஒரு வழக்கில் போலீசார் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்துவிட்டனர் என்பது செய்தி. "குற்றப்பத்திரிகையே வந்துவிட்டது, இனி விசாரணை எதற்கு? அவன் குற்றவாளிதான்" என்றார் ஒருவர். "அப்படியானால் நீதிபதி எதற்கு?" என்றார் மற்றவர். நம்மைக் கண்டதும், "ஐயா, நீங்களே சொல்லுங்கள்" என்றனர். நேரம் ஆகிவிட்டபடியால் இரண்டொரு வார்த்தை சொல்லிவிட்டுப் புறப்பட்டோம். ஆயினும் அந்தக் கேள்வி வழியெல்லாம் நம்மோடு நடந்து வந்தது. வீடு வந்து சேர்ந்தபோது, அது அவ்விருவருடைய கேள்வி மட்டுமன்று, நம்முடைய பழைய கடன் ஒன்றையும் கிளறிவிட்ட கேள்வி என்பதை உணர்ந்தோம். ஆதலின் விரிவாக எழுதத் துணிந்தோம்.

முதற்கண் சொற்களைத் தெளிவு செய்துகொள்வோம். சாட்டுதல் என்றால் ஒருவர்மேல் ஏற்றிச் சொல்லுதல். பலரறிய அறிவித்தல் என்னும் பொருளும் அதற்கு உண்டு. கோயில்களில் பூச்சாட்டு என்று சொல்லும்போது இப்பொருளே நிற்கிறது. ஆகவே குற்றச்சாட்டு என்பதில் இரண்டு கருத்துக்கள் அடங்கும். ஒன்று, இன்னார் இன்னது செய்தார் என்று ஏற்றிச் சொல்லுதல். மற்றொன்று, அதை ஒளிவு மறைவின்றி வெளிப்படச் சொல்லுதல். இரண்டும் சேர்ந்தால்தான் அது குற்றச்சாட்டு. முதலாவது மட்டும் இருந்து இரண்டாவது இல்லையேல் அதற்குப் புறங்கூறல் என்று பெயர்.

சட்டத்திலே இதற்கு இரண்டு படிகள் உள்ளன. போலீசார் புலன் விசாரணையை முடித்து நீதிமன்றத்துக்கு அனுப்பும் அறிக்கையைக் குற்றப்பத்திரிகை என்கிறோம். அதனோடு குற்றச்சாட்டு நிறைவு பெறுவதில்லை. நீதிபதி அதனைப் படித்துப் பார்த்து, வழக்கு நடத்த இடம் உண்டு என்று கண்டால், தாமே குற்றச்சாட்டை எழுத்தில் அமைக்கிறார். இதைத் தமிழில் குற்றச்சாட்டு வனைதல் என்று வழங்குவர். வனைதல் குயவருடைய சொல். சகதியாய்க் கிடக்கும் மண்ணுக்கு உருவமும் விளிம்பும் கொடுப்பது வனைதல். அதுபோல, உருவமற்றுக் கிடக்கும் சந்தேகத்துக்கு ஓர் உருவமும் விளிம்பும் கொடுப்பதே குற்றச்சாட்டு வனைதல். இந்த நிலையில் நிற்பவர் குற்றஞ்சாட்டப்பட்டவரே. விசாரணை முடிந்து, குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட பின்னரே அவர் குற்றவாளி. இவ்விரண்டு சொற்களுக்கும் நடுவே நீதி என்பது முழுவதும் அடங்கியிருக்கிறது. அதை ஒரே தாவலில் தாண்டுகிறவர் நீதியையே தாண்டுகிறார்.

குற்றப்பத்திரிகை என்பது களங்கமா, உரிமையா? நாம் சொல்லவந்தது இதுதான்: அது பெரும்பாலும் குற்றஞ்சாட்டப்பட்டவருடைய உரிமையே ஆகும். இதை நாம் புத்தகத்தில் கற்கவில்லை, ஆலையிலே கற்றோம்.

நாம் பெங்களூரில் ஒரு பஞ்சாலையின் நூற்புப் பகுதியில் வேலை செய்துகொண்டிருந்த காலம். அப்போது நமக்கு வயது இருபத்திரண்டு. பகுதி மேஸ்திரிக்கு நம்மேல் மனத்தாங்கல். இரண்டு மாத காலமாக, "இவன் சரியில்லை, இவனால் வேலை கெடுகிறது" என்று மேலதிகாரிகளிடத்தில் சொல்லி வந்தார். என்ன செய்தோம், என்று செய்தோம் என்று யாரும் சொல்லவில்லை. நாம் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். இரவில் உறக்கம் கொள்ளவில்லை. பதில் சொல்ல வாய் துடித்தது. ஆனால் எதற்குப் பதில் சொல்வது?

பின் ஒரு நாள் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்துக் கையொப்பம் வாங்கினார்கள். அது ஆங்கிலத்தில் இருந்தது. நமக்கு அப்போது ஆங்கிலம் எழுத்துக் கூட்டவும் வராது. வேலை போய்விட்டது என்றே எண்ணி, யூனியனில் இருந்த முதியவர் ஒருவரிடம் ஓடினோம். "அண்ணே, சீட்டைக் கிழித்துவிட்டார்கள்" என்று அழுதோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். "தம்பி, இது சார்ஜ் ஷீட்டு. இதற்கு அழக்கூடாது. இத்தனை நாளாக உன்னை இருட்டிலே அடித்தார்கள்; இன்றைக்குத்தான் விளக்கை ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இதில் தேதி இருக்கிறது, ஷிப்டு இருக்கிறது, மெஷின் நம்பர் இருக்கிறது. ஒவ்வொன்றும் உனக்குக் கைப்பிடி" என்றார்.

குற்றம் இது: இன்ன தேதியில், இரண்டாம் ஷிப்டில், பதினான்காம் நம்பர் ரிங் பிரேமை நாம் வேண்டுமென்றே நாற்பது நிமிடம் நிறுத்தி வைத்தோமாம். அந்தத் தேதியை நினைவு கூர்ந்து பார்த்தபோது, அன்று மற்றொருவரோடு ஷிப்டு மாற்றிக்கொண்டு நாம் காலையிலேயே வேலை பார்த்தது தெரியவந்தது. விசாரணையில் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார்கள். அங்கே மேஸ்திரியின் கையொப்பமே இருந்தது. குற்றச்சாட்டு தள்ளப்பட்டது.

நம்மைக் காத்தது யாருடைய கருணையும் அன்று. காகிதத்தில் எழுதியிருந்த ஒரு தேதியே நம்மைக் காத்தது. தேதியில்லாத பழிக்கு இரண்டு மாதம் ஆட்பட்டிருந்தோம். தேதியோடு வந்த பழி ஒரு நாழிகையில் ஒழிந்தது. அன்று முதல் இரவில் எழுத்துக் கற்கவும், சட்டப் புத்தகங்களைப் புரட்டவும் தொடங்கினோம். தம்மத்தைத் தேடி வந்ததும் அந்த வழியாகத்தான்.

நம் நாட்டுச் சட்டம் இதில் என்ன சொல்கிறது? 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. பெயர் மாறினும் குற்றச்சாட்டைப் பற்றிய அடிப்படை விதிகள் பெரிதும் மாறவில்லை. குற்றத்தின் பெயர், அது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் வருகிறது, எந்த நேரம், எந்த இடம், யாருக்கு எதிராக என்பவை குற்றச்சாட்டில் இருத்தல் வேண்டும். இவை மட்டும் போதாவிடின், எவ்வாறு செய்யப்பட்டது என்பதையும் கூறவேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு அதனைப் படித்துக் காட்டி, விளக்கிச் சொல்லி, ஒப்புக்கொள்கிறாரா, விசாரணை வேண்டுகிறாரா என்று கேட்கவேண்டும். போலீஸ் அறிக்கையின் படியையும் அதனைச் சார்ந்த ஆவணங்களையும் கட்டணமின்றி அவருக்குக் கொடுக்கவேண்டும். சிறையில் உள்ளவர்மீது 60 நாட்களுக்குள், கடுங்குற்றமாயின் 90 நாட்களுக்குள், புலன் விசாரணையை முடித்துக் குற்றப்பத்திரிகை வைக்காவிடின், அவர் ஜாமீன் கொடுக்கத் தயாராயிருந்தால் விடுவிக்கப்படும் உரிமை பெறுகிறார். விளிம்பில்லாத சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதனை அடைத்து வைக்கலாகாது என்பதே இவற்றின் கருத்து.

இதற்கு மேலாக அரசியல் சட்டம் நிற்கிறது. கைது செய்யப்பட்டவருக்கு அதன் காரணத்தைக் கூடிய விரைவில் தெரிவிக்க வேண்டும், அவர் தம் விருப்பப்படி வழக்கறிஞரைக் கலந்துகொள்ளலாம், 24 மணி நேரத்துக்குள் நீதிபதியின் முன் அவரை நிறுத்தவேண்டும் என்பன 22-ஆம் பிரிவில் உள்ளன. இந்தப் பிரிவை 1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபையில் முன்மொழிந்தவர் பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கரே. அதே பிரிவில் தடுப்புக் காவல் என்னும் விலக்கும் இடம் பெற்றிருக்கிறது என்பதையும் மறைக்கலாகாது. தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்லப்படும். ஆனால் குற்றச்சாட்டும் விசாரணையும் இல்லை. உரிமையும் விலக்கும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. எதை நாம் வழக்கமாக்குகிறோம் என்பது நம் விழிப்பைப் பொறுத்தது.

இனி, நம் சங்க மரபைக் காண்போம். நீதிமன்றங்கள் இக்காலத்துக் கண்டுபிடிப்பு என்று எண்ணுவோர் விநய பிடகத்தைப் படித்தல் வேண்டும். ஒரு பிக்கு மற்றொரு பிக்குவைக் குற்றஞ்சாட்டும் செயலுக்குப் பாலி மொழியில் சோதனா என்று பெயர். அதற்கு மூன்று ஆதாரங்களே உண்டு: கண்டது, கேட்டது, ஐயுற்றது. எந்த ஆதாரத்தில் சாட்டுகிறோம் என்பதைச் சொல்லவேண்டும். சாட்டும் முன் அவரிடமே சென்று, "உம்மிடம் ஒன்று சொல்ல இடந்தருக" என்று இசைவு பெறவேண்டும். வழக்கைத் தீர்க்கும்போது சம்பந்தப்பட்டவர் நேரில் இருத்தல் வேண்டும். முகத்துக்கு முகம் என்னும் இந்த நெறிக்குச் சம்முக விநயம் என்று பெயர். ஆதாரமின்றிப் பெருங்குற்றம் சாட்டுகிறவருக்கே சங்காதிசேசம் என்னும் கடும் ஆபத்தி விதிக்கப்பட்டது.

இந்த விதி பிறந்த வரலாறு நாம் நினைவிற் கொள்ளத் தக்கது. இராசகிருகத்து வேணுவனத்தில் தப்ப மல்லபுத்தர் என்னும் பிக்கு, வந்த பிக்குகளுக்குத் தங்குமிடம் ஒதுக்குவதும் உணவு அழைப்புக்களைப் பகிர்ந்து கொடுப்பதுமாகிய பணியைச் செய்துவந்தார். மெத்தியர், பும்மசகர் என்னும் இருவரைச் சேர்ந்த பிக்குகளுக்கு ஒரு நாள் மட்டமான உணவு கிடைத்தது. தப்பரே இதற்குக் காரணம் என்று கருதி, ஒரு பிக்குணியைக் கொண்டு அவர்மீது பெரும் பழி ஒன்றைச் சுமத்தச் செய்தனர். பகவான் என்ன செய்தார்? தப்பரின் தூய்மையை அறிந்திருந்தும், சங்கத்தைக் கூட்டினார். தப்பரை அழைத்து, இத்தகைய செயலைச் செய்ததாக நினைவு உண்டா என்று கேட்டார். தப்பரோ, பகவான் என்னை அறிவீரே என்றார். அந்த விடையைப் பகவான் ஏற்கவில்லை. மூன்று முறை கேட்டும் அதே விடை வந்தபோது, செய்தால் செய்தேன் என்றும் செய்யாவிடில் செய்யவில்லை என்றும் தெளிவாகச் சொல்லுமாறு பணித்தார். பிறகுதான் தப்பர், பிறந்த நாள் முதல் கனவிலும் அத்தகைய செயலை அறியேன் என்று தம் வாயால் மறுத்தார். முடிவில் பழி சுமத்திய பிக்குகளே உண்மையை ஒப்புக்கொண்டனர்.

அறிந்தவரே அறிந்தவராக இருந்தும் ஏன் கேட்கவேண்டும்? நீதி என்பது ஒருவருடைய மனத்துக்குள் இருந்தால் போதாது என்பதனால். பகவானுடைய அறிவேயாயினும், அது குற்றஞ்சாட்டப்பட்டவருடைய வாய்மொழிக்கு ஈடாகாது. சாட்டுக்கு அவரே விடை சொல்லவேண்டும். அதைச் சபை கேட்கவேண்டும். நல்லவர் என்று எல்லாரும் அறிந்தவருக்கே இந்த முறை வேண்டுமாயின், யாரும் அறியாத ஏழைக்கு எத்துணை வேண்டும்!

குற்றஞ்சாட்டுகிறவருக்கும் ஒழுக்கம் வகுக்கப்பட்டது. அங்குத்தர நிகாயத்தில் சாரிபுத்தர் ஐந்து நெறிகள் கூறுகிறார். தக்க காலத்தில் சொல்வது, உண்மையைச் சொல்வது, மென்மையாகச் சொல்வது, பயனுள்ளதைச் சொல்வது, அன்புள்ளத்தோடு சொல்வது என்பன அவை. கடைசியாக உள்ளதைக் கவனியுங்கள். அன்பில்லாத உண்மையும் குற்றச்சாட்டாகத் தகுதி பெறவில்லை.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் முன்னோருடைய வரலாற்றை அளந்து பார்ப்போம். தீண்டாமை என்பது என்ன? அது ஒரு தண்டனை. ஊருக்கு வெளியே குடியிருத்தல், பொதுக் கிணற்றைத் தொடாதிருத்தல், பிணம் சுமத்தல், மலம் அள்ளுதல் ஆகிய இவையெல்லாம் தண்டனைகளே. தலைமுறை தலைமுறையாக இத்தண்டனை நிறைவேற்றப்பட்டது. குற்றப்பத்திரிகை எங்கே? நம் பாட்டன் கையில் அதை யார் கொடுத்தார்? எந்தத் தேதி, எந்த இடம், யாருக்கு எதிராக? கேட்டால், முற்பிறப்பில் செய்த தீவினை என்று விடை வந்தது. செய்தவருக்கே நினைவில்லாத, கண்டவரும் இல்லாத, பதிவேடும் இல்லாத குற்றம்! "செய்ததாக நினைவு உண்டா?" என்று பகவான் தப்பரைக் கேட்ட அந்த ஒரு கேள்வியே இந்த மாளிகையை இடித்துத் தள்ளப் போதும்.

கன்மம் நம் தம்மத்திலும் உண்டே என்று சிலர் கேட்கலாம். கன்மம் என்பது ஒருவன் தன் செயலைத் தானே திருத்திக்கொள்வதற்குச் சொன்னது. அடுத்தவனைத் தண்டிப்பதற்கு எடுத்துக்கொள்ளும் கோல் அன்று. முற்பிறப்பின் வினையைக் காட்டி இப்பிறப்பின் இழிவுக்கு நியாயம் கற்பிப்பதைப் பாபாசாகேப் ஏற்கவில்லை. 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் அவரோடு தீட்சை பெற்றவர்கள், எழுதப்படாத அந்தத் தீர்ப்பை நிராகரித்து வெளியே வந்தவர்களே ஆவர்.

பிறப்பையே குற்றமாக்கும் இந்த வழக்கம் சமயத்தோடு நில்லாமல் சட்டத்திலும் ஏறியது. 1871-இல் ஆங்கில ஆட்சி குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. 1911-இன் சட்டத்தால் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியில் பிறந்தவர் என்பதே போதும். அவர் பெயரைப் பதிந்து, ரேகை உருட்டி, இரவில் ஆஜராகும்படி செய்யலாம். எவர், என்று, என்ன திருடினார் என்ற கேள்வியே இல்லை. மதுரைச் சீமையில் பெருங்காமநல்லூர் மக்கள் இதற்கு இணங்க மறுத்தபோது, 1920 ஏப்ரல் 3-இல் அவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. நாடு முழுவதற்குமான அச்சட்டம் 1952-இல் நீக்கப்பட்டது. ஆயினும் எண்ணம் நீங்கப் பல காலம் ஆயிற்று. சிறைக்குள்ளும் சாதி பார்த்துத் துப்புரவு வேலை ஒதுக்கும் சிறை விதிகள் அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024 அக்டோபர் 3-இல்தான். குற்றத்துக்காகச் சிறைக்குப் போனவன், அங்கே பிறப்புக்காக இரண்டாவது தண்டனை அடைந்து வந்தான்.

இன்றும் நாட்டின் சிறைகளில் இருப்போர் யார்? 2022-ஆம் ஆண்டின் இறுதியில் இருந்த கைதிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 76 பேர் விசாரணைக் கைதிகள். அவர்கள் தொகை 4 லட்சத்து 34 ஆயிரத்துக்கு மேல். குற்றவாளி என்று தீர்ப்புப் பெறாதவர்கள் இவர்கள். நம் மணிமேகலை அரசனிடம் வரங்கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கிய கதையை நாம் பெருமையோடு பேசுகிறோம். அந்தக் கதைக்கு இன்னும் வேலை இருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். "ஐயா, நீர் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கே பரிந்து பேசுகிறீர். நம்மவர் அடிபட்டவர்கள் அல்லவோ? நம்மை அடித்தவன்மீது வழக்கே பதிவாவதில்லை. முறை, தேதி, சாட்சி என்று பேசினால் வலியவனே தப்பிப்பான்" என்று கேட்பவர் உண்டு. இந்தக் கேள்வி நியாயமானது. இதனை நாம் தட்டிக் கழிக்கவில்லை.

சிலப்பதிகாரத்தை நினையுங்கள். கோவலன் செய்யாத திருட்டுக்காக வெட்டுண்டான். அவனிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை; பொற்கொல்லன் சொல் ஒன்றே போதுமாயிருந்தது. அது குற்றச்சாட்டற்ற தண்டனை. பின்பு கண்ணகி வந்தாள். அவள் வெறுமனே அழுதுவிட்டுப் போகவில்லை. அரசவையில் நின்று, தான் யார், எந்த ஊர், தன் கணவன் யார், அரசன் செய்த பிழை யாது என்று கூறினாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள்; அரசி சிலம்பின் பரல் முத்து என்றான் அரசன். சிலம்பு உடைக்கப்பட்டது, மாணிக்கம் தெறித்தது. பெயர், ஊர், குற்றம், சான்று யாவும் அதில் இருந்தன. வலிமையற்ற ஒரு பெண் முடியுடைய மன்னனை வென்றது சாபத்தால் அன்று; முறையாக வனைந்த குற்றச்சாட்டினாலேயே ஆகும்.

ஆகவே அடிபட்டவருக்கும் குற்றப்பத்திரிகையே ஊன்றுகோல். அது இல்லாத வரை அவர் துயரம் வெறும் ஓலம். எழுத்தில் ஏறிய பின்னரே அது நாடு பதில் சொல்ல வேண்டிய வழக்கு. இதனை உணர்ந்தே, 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குப் பின்னர் வந்த திருத்தம், 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வதை அதிகாரியின் கடமையாக்கி, தாமதித்தால் காரணத்தை எழுத்தில் கூறவேண்டும் என்று விதித்தது. இந்தத் திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம்மவருக்கு அநீதி நேர்ந்தால், கூட்டம் கூடிக் கூச்சலிடுவதற்கு முன் நாளையும் நேரத்தையும் இடத்தையும் சொன்ன சொல்லையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் தகவல் அறிக்கையின் படியைக் கேட்டு வாங்குங்கள். அது கட்டணமின்றித் தரப்படவேண்டியது. குற்றச்சாட்டை முறையாக எழுதக் கற்றவனை அடிப்பது எளிதன்று.

இனி, தொடக்கத்தில் பழைய கடன் என்று சொன்னோமே, அதைச் சொல்லியாகவேண்டும். ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு அதை மறைத்தால் இந்தக் கட்டுரை பொய்யாகும்.

பல ஆண்டுகளுக்கு முன் நாம் சேர்ந்திருந்த ஒரு கிளைச் சங்கத்தில் சாவு நிதி ஒன்று இருந்தது. மாதம் பத்து ரூபாய் வீதம் கட்டுவோம். நம்மைவிட மூத்தவர் ஒருவர், பழைய ஆலைத் தொழிலாளி, அதற்குப் பொருளாளர். நாம் அவரை அண்ணன் என்றே அழைப்போம். ஒரு சமயம், நிதியில் பணம் குறைகிறது என்று யாரோ சொன்னார். தேநீர்க் கடையில் ஒருவர் அதை இன்னும் சற்றுப் பெரிதாக்கினார். நம்மிடம் வந்து சொன்னபோது, நாம் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, தலையை அசைத்தோம். சார்ஜ் ஷீட்டின் அருமையை ஆலையில் கற்ற அதே நாம், அண்ணனிடம் போய், "அண்ணே, இப்படி ஒரு பேச்சு இருக்கிறது, கணக்கைக் காட்டுங்கள்" என்று கேட்கவில்லை. கேட்டால் மனம் புண்படுமே என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். கேளாமையால் அவர் மனம் என்ன பட்டது என்பதை எண்ணவில்லை.

அவர் நுழைந்தால் பேச்சு நின்றது. சில மாதங்களில் அவர் வருவதை நிறுத்திக்கொண்டார். மறு ஆண்டு காலமானார். பதினாறாம் நாள் அவர் மகள் ஒரு கணக்கு நோட்டையும் பணப் பையையும் கொண்டுவந்து கொடுத்தாள். கணக்கில் 240 ரூபாய் குறைந்திருந்தது உண்மைதான். அதற்கு நேரே அவர் கையெழுத்தில் காரணமும் இருந்தது. கணவனை இழந்த ஒரு பெண், உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுசெல்ல வண்டிக் கூலி போதாமல் கேட்டிருக்கிறாள், உறுப்பினர் அல்லாதவளுக்கு விதிப்படி கொடுக்கக் கூடாது, அவர் கொடுத்திருக்கிறார். பின்பு தம் கையிலிருந்து சிறிது சிறிதாகக் கட்டி வந்திருக்கிறார். பாதி கட்டிய நிலையில் நோட்டு நின்றிருந்தது.

அவர் விதியை மீறியது மெய். நாம் கேட்டிருந்தால், ஒரு நிமிடத்தில் அதை ஒப்புக்கொண்டிருப்பார், சபை மன்னித்திருக்கும், ஒருவேளை விதியையே மாற்றியிருக்கும். கேளாததனால் அவர் செய்த சிறு மீறல், திருட்டாக அவரோடு சுடுகாடு வரை சென்றது. அன்று அந்த மகள் நம்மை ஏறிட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். அவள் நம்மேல் சாட்டாத அந்தக் குற்றச்சாட்டை நாமே எழுதி, நாமே கையொப்பமிட்டு, இதோ உங்கள் முன் வைக்கிறோம். நமக்கு நினைவு உண்டு. செய்தோம்.

சகோதர சகோதரிகளே! பிறர் நம்மைக் குற்றப்பத்திரிகையின்றித் தண்டித்தார்கள் என்று முறையிடும் நாம், நம் வீட்டில், நம் தெருவில், நம் சங்கத்தில் அதே நீதியை நடத்துவோமாயின், நாம் மாற்றிக்கொண்டது பெயரை மட்டுமே என்று ஆகும். சாதியின் உள்ளுரு இதுவே: சொல்லப்படாத குற்றம், கேட்கப்படாத விடை, முடியாத தண்டனை. அது மாமியார் மருமகளிடத்தும் வரும். அண்ணன் தம்பியிடத்தும் வரும். பஞ்சசீலம் சொல்லும் சபையிலும் வரும்.

ஆதலின் நம் கிளைகளுக்கு ஒரு முறையைப் பணிவோடு முன்வைக்கிறோம். ஒருவர்மேல் குறை உண்டாயின் முதலில் அவரிடமே இசைவு பெற்றுத் தனியே சொல்லுக. தீராவிடின் எழுத்தில் எழுதுக: என்ன, எப்போது, எங்கே, கண்டதா, கேட்டதா, ஐயமா? அதன் படியை அவருக்குத் தெரிந்த மொழியில் அவர் கையில் கொடுக்க. அவர் நேரில் இல்லாதபோது அதைப் பற்றிப் பேசாதிருக்க. அவர் விடையை முழுதும் கேட்டு எழுதுக. குற்றமில்லை என்று கண்டால், பழி எவ்வளவு தூரம் பரவியதோ அவ்வளவு தூரத்துக்கும் அதைச் சாட்டுக. எழுதிக் கொடுக்கத் துணிவில்லாததை வாயால் சொல்லவும் வேண்டா.

மழைக்காலத் தங்கல் முடியும் நாளில் பிக்குகள் பவாரணை என்னும் சடங்கைச் செய்வர். ஒவ்வொருவரும் சபையின் முன் வந்து, என்னிடம் குற்றம் கண்டிருந்தாலும் கேட்டிருந்தாலும் ஐயுற்றிருந்தாலும் இரக்கம் கொண்டு எடுத்துச் சொல்லுங்கள், திருத்திக்கொள்வேன் என்று வேண்டிக்கொள்வர். உலகத்தில் குற்றச்சாட்டைக் கண்டு எல்லாரும் ஓடுவர். சங்கத்திலோ அதைக் கைநீட்டிக் கேட்டு வாங்குகிறார்கள். அதனைக் கொடுப்பவர் அன்போடு கொடுப்பார் என்னும் நம்பிக்கை இருந்தால்தான் அவ்வாறு கேட்க முடியும்.

வருகிற பவாரணைப் பௌர்ணமியன்று நாமும் சபையின் முன் வந்து நின்று அவ்வாறே கேட்கவிருக்கிறோம். சொல்லவேண்டியதைச் சொல்ல வாருங்கள்.

அனைவர்க்கும் நலம் விளைக.